இருநூறு வயதான புதுப் பெட்டகம்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். 'எதுக்கக்கா வீடு எது?' என்று கேட்டால் மட்டும் கடைசி வீட்டு நாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும். யார் எதைச் சொன்னாலும், எதை நீட்டினாலும், அவள் வாயிலிருந்து முதலில் விழுகிற வார்த்தை அதுதான். காய்கறிக்காரர் கொசுறாக ஒரு பிடி பச்சைமிளகாய் போட்டால், எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால், எதுக்கு? ஒருமுறை பல் மருத்துவர் "வாயைத் திறங்க" என்றதற்கும் கேட்டுவிட்டாள்.

பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்குப் பதினோரு வயதாகும்போது அவளுடைய அப்பா, "நாலு நாள்ல வந்துடறேன்" என்று ஒரு பையோடு கிளம்பினார். எங்கே, எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் அதற்கப்புறம் யாரையும் கேட்காமல் விட்டதில்லை.

பதினெட்டு வயதில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பெண்களுக்கு உப்புத்தாள் பிரிவு மட்டும்தான். ஆண்கள் செதுக்கித் தள்ளுவார்கள், பெண்கள் தேய்த்துக் கொடுப்பார்கள். "பொம்பளைக்கு மணிக்கட்டு பத்தாது" என்றார் மேஸ்திரி. அவளுக்கு அதில் சந்தேகம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கழிவுப் பலகை ஒன்றை எடுத்து, யாரோ வைத்துவிட்டுப் போன உளியால் ஒரு கொடியைச் செதுக்கிப் பார்த்தாள். ஏழு வாரம் தினமும் கால் மணி நேரம். ஒருநாள் அந்தப் பலகை மேஸ்திரி கையில் சிக்கியது. "இது யார் வேலை?" என்று செதுக்குகிற ஆட்களை வரிசையாகக் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் "நான்தான்" என்றாள். மேஸ்திரி நம்பவில்லை. தன் கண்ணெதிரில் ஒரு இலை செதுக்கச் சொன்னார். செதுக்கிய பிறகும், யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே இரண்டு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் உளியைக் கொடுத்துவிட்டார்.

அதே தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் இருந்தவர்தான் அவளுடைய வீட்டுக்காரர். அதிகம் பேசாத மனிதர். அவர் பாலிஷ் போட்ட மேசையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஒருநாள் தண்ணீர்க் குழாயருகே நின்று, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். வழக்கம்போல "எதுக்கு?" என்றாள். மனிதர் மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து பதில் சொன்னார். "நீங்க செதுக்கினத வேற யாராவது பாலிஷ் போட்டா எனக்குத் தாங்கல."

அவள் கேட்ட கேள்விகளில் முழுசாகப் பதில் கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான் என்று பின்னாளில் சொல்வாள்.

தொழிற்சாலை பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறியதும் இருவரும் வெளியே வந்து, டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் எல்லாம் ஒரு பெட்டகம் இருக்கும். இடுப்பளவு உயரம், நாலு தடித்த கால், முன்பலகை முழுக்கக் கொடி, கொடிக்கு நடுவே எதிரெதிராக இரண்டு பறவை. விரல் வைக்க வெறும் இடம் இருக்காது. தொழிற்சாலையில் அதைத்தான் அவள் வருஷக்கணக்காகச் செதுக்கியிருந்தாள். சொந்தக் கொட்டகையில் முதல் பலகையை எடுத்து வைத்தபோது தன்னையே கேட்டுக்கொண்டாள், எதுக்கு இவ்வளவு? பலகையின் முக்கால் பாகத்தை வெறுமையாக விட்டாள். கீழ் மூலையிலிருந்து ஒரே ஒரு கொடி புறப்பட்டு, கதவு இடுக்கைத் தாண்டி, பக்கவாட்டில் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பறவையில் போய் முடிந்தது. புத்தக அலமாரி, காலணி வைக்கும் பெட்டி, குழந்தைக்குப் படிக்கிற மேசை என்று எல்லாவற்றிலும் அந்தப் பழைய கொடி புதிதாக ஓட ஆரம்பித்தது. புது வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்தார்கள். ஒவ்வொரு சாமானின் அடியிலும் சூட்டுக்கோலால் ஒரு கேள்விக்குறி போடுவாள். அதுதான் அவளுடைய முத்திரை.

கைக்குட்டைக்காரர் வந்தது அந்தக் காலத்தில்தான். பழம்பொருள் வியாபாரி. கொட்டகையில் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கைக்குட்டையை விரிப்பார். எழுந்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள்.

"மேடம், உங்க புது மாதிரியெல்லாம் அருமை. ஆனா எனக்கு வேண்டியது பழைய பெட்டகம். எப்படி இருந்துச்சோ அப்படியே, அச்சு அசலா. ஒரு பெரிய ஹோட்டல் கட்டறாங்க. வாசல்ல வைக்கணுமாம்."

"எதுக்கு என்கிட்ட வரீங்க? பழசு மாதிரி செய்ய எத்தனையோ பேர் இருக்காங்களே."

"செய்வாங்க. ஆனா தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

கைக்குட்டைக்காரர் கொஞ்சம் தடுமாறினார். "தரம். தரம் தெரிஞ்சுடும்னு சொல்ல வந்தேன்."

பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். இடித்த வீடுகளின் மரத்தை அவரே கொண்டுவந்து தருவார், அதில்தான் செய்ய வேண்டும். ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது. அடிப்பலகையைக்கூட கை இழைப்புளியால்தான் இழைக்க வேண்டும், மெஷின் படக் கூடாது.

"அடியில யார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றாள்.

"முதலாளி ஒரு மாதிரி ஆளு, மேடம். எல்லாத்தையும் தடவிப் பாப்பாரு. அப்புறம், உங்க முத்திரையும் வேண்டாம். பாலிஷும் வேண்டாம். அதுக்கு எங்க ஆள் இருக்காங்க."

அவள் சட்டென்று திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பாலிஷை யாராவது 'பளபளப்பு கொஞ்சம் கம்மியோ' என்று சொன்னால் இரண்டு நாள் சோறு இறங்காத மனிதர் அவர். இப்போது வாயே திறக்காமல் ஜன்னலோரம் நின்று அரக்குப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த புட்டிகள்.

இவ்வளவு சந்தேகம் இருந்தும் எதற்கு ஒத்துக்கொண்டாள் என்று கேட்கலாம். உள்ளூர ஓர் ஆசை இருந்தது. முழுப் பழைய வேலையை, ஓர் அங்குலம் விடாமல், மெஷின் தொடாமல், தன்னால் தனியாகச் செய்ய முடியுமா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பதினான்கு மாதத்தில் மூன்று பெட்டகம் செய்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றும்போது எதையோ தெரியாமல் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் பெட்டகம் போன மாதத்திலிருந்து வீட்டுக்காரரிடம் ஒரு மாற்றம். புதன்கிழமை மத்தியானமானால் "ஹார்டுவேர் கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புவார். சாயங்காலம் வெறுங்கையோடு வருவார். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருக்கும். சட்டையை முகர்ந்து பார்த்தாள். புளித்த வினிகர் வாடை, அதோடு நன்றாகக் கொதித்து ஆறிய தேயிலை வாடை. தனக்கு ஒரு டீ போட்டுக்கொள்ளத் தெரியாத மனிதர்.

பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கிற நாத்தனாரிடம் போனாள். வீட்டுக்காரருக்கு அக்கா. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், அதோடேயே பேசுவாள்.

"அண்ணி, உங்க தம்பி புதன்கிழமைல எங்க போறாரு?"

"என் தம்பியையா சந்தேகப்படறே? அவனுக்கு உன்கிட்டயே பேச்சு வராது. இன்னொருத்தியத் தேடிப்போய் எப்படிப் பேசுவான்?" நாத்தனார் குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனாலும் ஒண்ணு சொல்றேன். ஆம்பளைய நம்பாதே, அவன் செருப்ப நம்பு. செருப்பப் பாரு. போன இடம் அதுல ஒட்டியிருக்கும்."

அன்றைக்கே செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். செங்கல் பொடி. ஹார்டுவேர் கடைக்குப் போகிற வழியெல்லாம் தார்ச்சாலை.

அடுத்த புதன்கிழமை முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரியின் சுற்றுச்சுவரோடு நடந்து, பின்பக்கத்துக் கிடங்குக்குள் நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது. சுவரில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு காற்றுத்துளை. அங்கே கிடந்த உடைந்த மரப்பெட்டியின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அவளுடைய இரண்டாவது பெட்டகம் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு கொத்துச் சாவியைக் கயிற்றில் கட்டி, பெட்டகத்தின் மூலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்னப் பள்ளம். பிறகு ஒரு சட்டியிலிருந்து கரிய நீரைத் தொட்டுப் பூசினார். வினிகரில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த நீர் அது. தேயிலைச் சாறு பட்ட மரத்தில் அதைத் தடவினால் கண்ணெதிரிலேயே கறுக்கும். இடுக்கில் செங்கல் பொடியைத் திணித்து, மெழுகு தேய்த்து, துணியால் வழித்தார். பிறகு உப்புத்தாளை எடுத்துப் பறவையின் அலகை மெல்ல மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் பதினொரு நாள் உட்கார்ந்து செதுக்கிய அலகு.

இறங்கிப் போய்க் கதவை உதைக்கத்தான் நினைத்தாள். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டகத்தின் மூடியைத் திறப்பதுபோல் கையை வைத்தார். உள்ளங்கை எங்கே படுகிறது என்று பார்த்தார். அந்த இடத்தை மட்டும் தேய்த்தார். மறுபடியும் கையை வைத்தார். இருநூறு வருஷம் எத்தனையோ பேர் எங்கே எங்கே தொட்டிருப்பார்கள் என்று அந்த மனிதர் ஒவ்வொருவராக நினைத்து நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்முன்னால் அவள் வேலை கிழமாகிக்கொண்டே வந்தது. அழகாகவும் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

வீட்டுக்குத் திரும்பி வந்து காத்திருந்தாள்.

"ஹார்டுவேர் கடையில என்ன வாங்கினீங்க?"

"உப்புத்தாள் கேட்டேன்."

"எங்க?"

"தீந்துபோச்சாம்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா போனதற்குப் பிறகு முதல்முறையாக அவள் கேட்காமல் விட்டாள். ஹோட்டல்காரர்களுக்குப் பழசு மாதிரி இருக்கிற சாமான் பிடிக்கும், அதில் குற்றமில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குற்றமில்லாததை எதற்கு மறைக்கிறார் என்ற இடத்தில் சமாதானம் அறுந்து போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே, எண்ணெய்ச் சீசாவைக் கேட்கிற குரலில்கூடப் பொய் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினாள். மூன்றாவது பெட்டகத்தைச் செய்து முடித்ததும் அந்த ஐந்து மாதத்துக்குள்தான்.

பிறகு ஒருநாள் காலை நாத்தனார் செய்தித்தாளை ஆட்டிக்கொண்டே கொட்டகைக்குள் வந்தாள். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார்.

"பாரேன், அப்படியே உன் வேலை மாதிரியே இருக்கு!"

நகர அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறந்திருக்கிறார்கள். படத்தில் பெட்டகம். 'இருநூற்று இருபது ஆண்டுகள் பழமையானது' என்று கீழே போட்டிருந்தது. வலப்பக்கப் பறவையின் அலகு நூலளவு மேலே தூக்கியிருந்தது. அந்த இடத்தில் மரத்தில் ஒரு கணு இருந்தது. உளி வழுக்கும் என்று பயந்து அவள்தான் அலகைத் தூக்கினாள்.

மத்தியானமே போனாள். பெட்டகத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. குனிந்து பார்க்கப் போனவளைக் காவலாளி தடுத்தார்.

"அம்மா, தொடக்கூடாது. ரொம்பப் பழசு."

"எவ்வளவு பழசு?"

"எங்க தாத்தாவோட தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், பக்கத்தில் இருந்த விளக்க அட்டையைப் படிக்காமல் இருந்திருந்தால். அதன் கடைசி வரி இது: 'இத்தகைய கைவேலையைச் செய்யக்கூடியவர் இன்று எவரும் இல்லை.'

அந்த வரியை மூன்று முறை படித்தாள். மோசடி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. முதலில் வந்தது அவமானம். உயிரோடு நிற்கிறவளைப் பார்த்து இல்லை என்கிறார்கள். நேராகக் காப்பாளரின் அறைக்குப் போனாள்.

காப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. மேசையில் கோப்புகள் சுவர்போல் இருந்தன. "அந்தப் பெட்டகம் நான் செஞ்சது. போன வருஷம்" என்று அவள் சொன்னதும் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வாரத்துக்கு ஒருத்தர் வராங்கம்மா. போன வாரம் ஒருத்தர் வந்து, கூடத்துல இருக்கற வாள் அவரோட மாமாவுதுன்னார்."

"இடது பின்கால். அதோட நாக்கு மேல்சட்டத்துல இருக்கற துளைக்குள்ள போய் உக்காந்திருக்கு. அதப் பிரிச்சுப் பாருங்க. உள்ள ஒரு எண் இருக்கும். கால் மாறிடக் கூடாதுன்னு எழுதி வெச்சேன்."

"எண் பழைய காலத்துலயும் எழுதுவாங்களே."

"நீல பால்பாயின்ட் பேனாவுலயா?"

காப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் நீல மைப் பேனாதான். பிறகு நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"சரி. நீங்கதான் செஞ்சீங்கன்னே வெச்சுப்போம். மரத்தோட கறுப்பு, தேய்மானம் எல்லாத்தையும் ரெண்டு நிபுணர்கள் பார்த்திருக்காங்க. அத யார் செஞ்சது? அதுவும் நீங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் இத்தன நாள் ஏன் வரல?"

கேள்வி கேட்டே பழகியவளுக்குக் கேள்வி வந்து விழுகிறபோது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நாளைக்கு வரேன்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய், அவர் வந்து கதவைத் திறந்த உடனே செய்தித்தாளை அவர் முன்னால் போட்டாள்.

"ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால நான் வந்திருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். இப்ப சொல்லுங்க."

அவர் படத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். "ஹோட்டலுக்குன்னுதான் சொன்னான்."

"ஹோட்டலுக்குன்னா என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"இந்தக் கொட்டகைக்கு வர எல்லாரும் உன் கொடியப் பாக்கத்தான் வராங்க. வரட்டும், நல்லதுதான். ஆனா ஒவ்வொருத்தரும் என்ன சொல்றாங்க? பாலிஷ் வேண்டாம், மரம் மரமாவே தெரியட்டும், சும்மா எண்ணெய் தடவிக் குடுங்கங்கறாங்க. நீயும் சரிங்கறே. முப்பது வருஷம் அரக்குல வேலை செஞ்ச கை. எண்ணெய் தடவ ஒரு கந்தல் துணி போதும், நான் எதுக்கு? நீயே சொல்லு. எல்லாத்துக்கும் எதுக்குன்னு கேப்பியே, அத ஒரு நாளாவது கேட்டியா? மொத நாள் வண்டியில ஏத்தறப்ப அந்த ஆளு என் கையப் புடிச்சுப் பாத்தான். இந்தக் கை இல்லன்னா அது வெறும் கட்டைன்னான்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

"ஓநாய்தான். ஆனா ஆடு நனைஞ்சதும் உண்மைதானே?"

அவள் சுவரில் மாட்டியிருந்த கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "காலைப் பிரிக்கப் போறேன். காப்பாளரம்மா யார் பழசாக்கினதுன்னு கேக்கறாங்க. நான் பேர் சொல்லப் போறதில்ல. அத நீங்க முடிவு பண்ணுங்க" என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

கூடத்தைப் பூட்டிவிட்டுப் பெட்டகத்தைக் கம்பளியின் மேல் கவிழ்த்தார்கள். அவர் பிடித்துக்கொள்ள, அவள் கொட்டாப்புளிக்கும் மரத்துக்கும் நடுவே துணியை வைத்து மெல்லத் தட்டினாள். காவலாளி ஒவ்வொரு தட்டுக்கும் முகத்தைச் சுளித்தார். பதினாலாவது தட்டில் கால் அசைந்து கொடுத்தது. உருவிக் காப்பாளரிடம் நீட்டினாள். வெளியே கறுத்துக் கிழடு தட்டிப்போன கால். உள்ளே துளைக்குள் இருந்த நாக்கு நேற்று அறுத்ததுபோல் வெளுப்பு. அதில் நீல மையில் 'இ.பி. 2'. இடது பின்கால், இரண்டாவது பெட்டகம்.

காப்பாளர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் காட்சிப் பொருள்தான். யாரும் எழுப்பவில்லை.

"பழசாக்கினது நான்தாங்க" என்றார் வீட்டுக்காரர், கேட்பதற்கு முன்பே.

உண்மையைச் சொன்னால் தீர்ந்தது என்று கதைகளில்தான் வரும். மறுநாளே காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. கைக்குட்டைக்காரரைத் தேடிப் பிடித்தபோது, எல்லாம் இந்தப் புருஷன் பெண்டாட்டியின் திட்டம், தான் ஏமாந்த அப்பாவி என்று எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டு பெட்டகமும் வெளியூரில் இரண்டு பணக்கார வீடுகளில் கிடைத்தன. அங்கேயும் அதே இருநூற்று இருபது வருஷக் கதை. இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "பங்கு கேட்டுத் தரலன்னுதானே காட்டிக் குடுத்தீங்க?" என்றார் விசாரித்த அதிகாரி. "மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்கு, போயிட்டு வா" என்று தைரியம் சொல்லி அனுப்பிய நாத்தனாரே, அதிகாரி தன் கடைக்கும் வந்து விசாரித்த அன்றைக்கு நாலு ரவிக்கையைத் தப்பாக வெட்டிவிட்டாள்.

தெருவும் பார்வையை மாற்றிக்கொண்டது. எதுக்கக்காவை எல்லோரும் எதுக்கு என்று பார்த்தார்கள். சொல்லிவைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. முன்பு அலமாரி வாங்கிப்போன ஒரு தம்பதி அதை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்கே கொண்டுவந்து, "இது நிஜமாவே புதுசுதானா?" என்று கேட்டார்கள். அவள் கவிழ்த்து, முத்திரையைக் காட்டினாள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. தொழிலில் முதல்முறையாக முத்திரையை மாற்றலாமா என்று யோசித்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வருஷத்தையும் சேர்த்துச் சுட ஆரம்பித்தாள்.

ஒன்பது மாதம் இழுத்தது. கிடங்கின் வாடகைச் சீட்டு, பழைமைச் சான்றிதழ் எல்லாம் கைக்குட்டைக்காரரின் கையெழுத்தில் இருந்ததால் வழக்கு அவர் மேல் நின்றது. இவர்கள் இருவரும் சாட்சிகள் ஆனார்கள். பெட்டகம் மூன்றும் நீதிமன்றக் கிடங்கில், ஒரு திருட்டு மோட்டார் சைக்கிளுக்கும் நாலு இரும்புக் கதவுக்கும் நடுவே, கால்களில் அட்டை கட்டித் தொங்க, இன்னும் கிடக்கின்றன.

வழக்கு அடங்கிய பிறகு காப்பாளரே ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். கூடத்துக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு நீளப் பெஞ்சு வேண்டும் என்றார். அவள் பழக்கதோஷத்தில் "எதுக்கு என்கிட்ட?" என்று கேட்டாள்.

"அந்த அட்டையில கடைசி வரிய எழுதினது நான்தான். அது உறுத்திட்டே இருக்கு" என்றார் காப்பாளர்.

பெஞ்சுக்கு அவள் வரைந்த படத்தில் கொடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. வரைந்து முடித்துப் பாதியை வீட்டுக்காரரின் பக்கம் தள்ளினாள். "இந்தப் பக்கம் உங்களுது. அங்க எண்ணெய் வேண்டாம். உங்க கைக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க." அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் அரக்குப் புட்டிகளை எடுத்து வந்தார். பெஞ்சின் ஒரு முனை அன்றைக்கு அறுத்த மரமாக வெளுத்திருந்தது. போகப் போகத் தேன் நிறமாகி, கறுத்து, மறுமுனையில் நூறு பேர் உட்கார்ந்து எழுந்ததுபோல் வழுவழுப்பாகக் குழிந்தது. செய்த வருஷம் அடியில் தெளிவாக இருந்தது. அதற்கப்புறம் வந்தவர்கள் அந்த மாதிரியே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் வீட்டுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. துவைக்கப் போடும்போது அவருடைய சட்டையை அவள் இன்னும் முகர்ந்து பார்க்கிறாள். அவருக்கும் அது தெரியும். கேட்காமலே, "ஹார்டுவேர் கடைக்குப் போறேன். அரைக்கிலோ மெழுகு. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்" என்று முழு விவரம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறார். அப்படி நீளமாகச் சொல்வதே அவளுக்குச் சில நாள் சந்தேகத்தைக் கிளப்பும்.

பெஞ்சு போய் ஒரு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கதவுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"மூணாவது பெட்டி வந்தப்ப எனக்குத் தெரியும்."

உளி நின்றது. "ஹோட்டலுக்கு இல்லன்னு தெரியுமா?"

"ஆமா. கிடங்குல ஒரு சான்றிதழ் கெடந்துச்சு. படிச்சேன்."

"மொத ரெண்டுக்கும்?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "தெரிஞ்சுக்காம இருந்தேன்."

அவள் உளியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டு, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். உட்கார்ந்து, கொடியின் அடுத்த இலையைச் செதுக்க ஆரம்பித்தாள்.